துவக்குப் பைலில் ஒரே ஒரு பச்சைக் கோடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் தேநீருக்கு வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்தார்கள். திரும்பினால் ரம்யா. லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் ஓய்வுபெற்று வந்த அதே அலுவலகத்தில், பொலிசில் துவக்கு, அதாவது துப்பாக்கி, லைசென்ஸ் கொடுக்கும் பிரிவில், போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவள்.

"அன்ரி, வெள்ளிக்கிழமை ஒரு ஆள் போனில அழுதிட்டார்," என்றாள். "ஏழு மாசமா வெயிட் பண்ணுறாராம். என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை. உங்கட காலத்தில இப்பிடி டிலே இல்லையாமே?"

"எங்கட காலத்திலயும் இருந்தது பிள்ளை."

"இல்லையாம். வத்சலா எண்டு ஒரு அன்ரி இருந்தவவாம். அவ இருக்கேக்க எல்லாம் டக்டக்கெண்டு போகுமாம். ட்ரெயினிங்கில 'வத்சலா செக்' எண்டே ஒண்டு படிப்பிச்சவை. உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

தெரியும் என்றேன். அன்றைய தேநீர் மூன்று கரண்டி சீனி போட்டும் கசந்தது. வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. அந்தப் பெயர் கோயில் மண்டபம் வரைக்கும் என்னைத் தேடி வந்துவிட்டதே என்று நினைத்தேன். தேநீர் வரிசையில் நின்று சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான் படித்தேன். தட்டெழுத்துப் பழகியிருந்தேன். லண்டனில் எனக்குக் கைகொடுத்தது அதுதான். ஓர் ஏஜென்சி மூலம் இந்த அலுவலகத்துக்கு ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, என்று வந்தவள் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தடித்த விதிப் புத்தகம் ஒன்றும் ஒரு கதிரையும் தந்தார்கள். மிச்சமெல்லாம் பைல்களைப் பார்த்துப் பழகியது.

"ஜெசி, நீங்கள் லண்டன் கள்ளன்களுக்கோ துவக்கு குடுக்கிறியள்?" என்று கோயிலில் ஒரு அண்ணை எந்நாளும் பகிடி விடுவார். கள்ளன் விண்ணப்பம் நிரப்பமாட்டான். விண்ணப்பிப்பவர்கள் மண்தட்டை வானத்தில் பறக்கவிட்டுச் சுடும் விளையாட்டுக்காரர்கள், நகரத்துக்கு வெளியே காணி வைத்துக்கொண்டு முயலும் புறாவும் பயிரைத் தின்கிறது என்பவர்கள், தகப்பன் விட்டுப்போன துவக்கைக் கைவிட மனமில்லாதவர்கள். எங்கள் பத்திரம் கையில் இருந்தால் கடைக்குப் போய் வாங்கலாம். இல்லையென்றால் வாங்க முடியாது. அந்த ஒரு கடதாசிக்காகத்தான் இத்தனை காத்திருப்பும்.

விண்ணப்பம் வந்தவுடன் முதலில் படம். அது அவரேதான் என்று அவரை அறிந்த ஒருவர் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். பிறகு குடும்ப வைத்தியரின் கடிதம்: குடிப்பழக்கம் உண்டா, மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தாரா என்று. பிறகு பொலிஸ் கொம்பியூட்டரில் அவருடைய பெயரைப் போட்டுப் பழைய குற்றம் ஏதும் உண்டா என்று தேடுவது. அதன் பின் ஓர் அதிகாரி வீட்டுக்குப் போவார். துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டி சுவரோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா, பூட்டுத் திறப்பு எங்கே இருக்கும், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவார். கடைசியில் பெரியவரின் கையெழுத்து, தபால்.

தாமதம் பெரும்பாலும் வைத்தியரின் கடிதத்தில்தான். தெற்கு லண்டனில் ஒருவர், சுடும் விளையாட்டைப் படிப்பித்துப் பிழைத்தவர், புதுப்பிக்க வேண்டிய நேரத்துக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக அனுப்பினார். வைத்தியர் ஒன்பது கிழமை எடுத்தார். அதற்குள் பழைய பத்திரம் காலாவதியாகி அவருடைய வேலையும் போய்விட்டது. "நான் என்ன பிழை செய்தேன், சொல்லுங்கள்," என்று போனில் கேட்டார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. அவருடைய குரலை நான் மறக்கவில்லை. ஆகவே தாமதத்தை நான் புகழப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் பெரியவர் மிஸ்டர் டங்கன். முன்பு பொலிஸ் சார்ஜன்ட்டாக இருந்தவர். மாரி காலத்திலும் யன்னலை ஒரு விரலளவு திறந்து வைத்திருப்பார். அவர் பைலைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். முன்பக்கத்தில் இருப்பது அந்த ஆள் தன்னைப் பற்றிச் சொல்வது, பின்பக்கத்தில் இருப்பது மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொல்வது, முதலில் மற்றவர்களைக் கேள் என்பார். சத்தம் போடமாட்டார். பிழை கண்டால் பைலைத் திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டுப் போவார். நாங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வேலை நல்லதென்றால் மடக்கிய விரல் மொளியால் மேசையில் இரண்டு தரம் தட்டுவார். அவ்வளவுதான். வாயால் ஒரு சொல் வராது. அந்த இரண்டு தட்டலுக்காக நாங்கள் எல்லோரும் பாடுபட்டோம்.

நான் சேர்ந்து ஆறு வருடத்துக்குப் பிறகு வத்சலா வந்தாள். தெற்கு லண்டனில் சட்டன் என்ற இடத்திலிருந்து வருவாள். எங்கள் ஊர்ப்பக்கத்துச் சைவப் பிள்ளை, இங்கே பல்கலைக்கழகத்தில் படித்தவள், என்னைவிடப் பத்து வயது குறைவு. முதல் மாதத்திலேயே டங்கன் அவளுடைய மேசையில் தட்டினார். எனக்கு ஆறு வருடத்தில் ஒரு தட்டல்கூட விழுந்ததில்லை.

பொறாமை அன்று வேர் பிடித்தது. அவளுடைய இங்கிலிஷில் பொறாமை. அவளுடைய எழுத்தில் பொறாமை. நான் நாலு தரம் அழித்து எழுதும் கடிதத்தை அவள் தேநீர் குடித்தபடி ஒரே தரத்தில் எழுதுவாள். எல்லோரையும் சிரிக்க வைப்பாள். என்னையும் சிரிக்க வைத்துவிடுவாள், அதுதான் இன்னும் எரிச்சல். வீட்டுக்கு வந்தும் அவள் கதைதான். என் கணவர் அன்ரன் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சொன்னார்:

"இஞ்சாரும், அந்தப் பிள்ளையின்ர பேர் உம்மட வாயில வராத நாள் ஒண்டு இருக்கோ? என்ர பேரை நீர் இவ்வளவு தரம் சொன்னதில்லை."

"உங்கட பேரைச் சொல்ல என்ன கிடக்கு?"

"அதுதானே. நானும் நல்லா இங்கிலிஷ் எழுதினா எரிஞ்சு எரிஞ்சு நினைப்பீர் போல."

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். வெளியே வந்து கோயில் படியில் நிற்கும்போதே மறுபடியும் தொடங்கிவிடும்.

இனி அந்த 'வத்சலா செக்' பற்றி. அது வந்தது என் வீட்டிலிருந்து. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயரும் தன் பெயரும்தான். என் கணவர் இங்கே வந்து இறங்கியபோது அன்ரன் என்பதைக் குடும்பப் பெயராக எழுதினார்கள். அதனால் நான் மிஸிஸ் அன்ரன். வைத்தியரிடம் பதியும்போது மாறிப்போய், தகப்பனுடைய பெயரான சூசைப்பிள்ளை குடும்பப் பெயராகிவிட்டது. கிளினிக்கிலிருந்து சூசைப்பிள்ளைக்கு என்று கடிதம் வரும். "அப்பு செத்து எத்தினை வருசம், இன்னும் அவருக்கு ஊசி போடக் கூப்பிடுறாங்கள்," என்று இவர் சிரிப்பார்.

ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் எனக்குத் தட்டியது. பொலிஸ் கொம்பியூட்டரிலும் இப்படித்தானே இருக்கும்? ஒரு இடத்தில் முன்பெயராக இருப்பது இன்னொரு இடத்தில் பின்பெயராக இருக்கும். எங்கள் பிரிவில் இருந்த கொம்பியூட்டர் பெயர் முன்பின்னாக மாறினால் ஒன்றும் இல்லையென்று கையை விரித்துவிடும். அன்றிலிருந்து தமிழ்ப் பெயர் எது வந்தாலும் இரண்டு தரம் தேடினேன், நேராக ஒரு தரம், மாற்றிப்போட்டு ஒரு தரம். யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

இதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வத்சலாவிடம் சொன்னேன். இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு கதையோடு கதையாகச் சொன்னது. "அக்கா, இது பெரிய விசயம். எழுதிக் குடுக்க வேணும்," என்றாள். எழுதியும் கொடுத்தாள். ஒரே பக்கம். இரண்டு கிழமையில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தமிழருக்கு மட்டுமல்ல, தகப்பன் பெயரைச் சுமக்கும் எல்லா நாட்டவருக்கும் இனி இரண்டு தரம் தேட வேண்டும் என்று. அதில் நன்றி அவளுக்கு மட்டும். அலுவலகம் முழுதும் அதற்கு 'வத்சலா செக்' என்று பெயர் வைத்தது. டங்கன் அவளுடைய மேசையில் தட்டினார். என் காதில் அது மேளம்.

அவள் என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, நான் உங்கட பேரைத்தான் முதல் போட்டனான். மேல போகேக்க என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியேல்லை. நான் எழுதினதைக் காட்டட்டோ?"

"தேவையில்லை," என்றேன்.

பார்த்திருக்கலாம். பார்த்தால் அவள் சொன்னது உண்மையாக இருந்துவிடும் என்ற பயம். உண்மையாக இருந்தால் நான் எதை வைத்து அவளை வெறுப்பது?

சில வருடத்தில் அவள் தேடுதல் பகுதிக்கே பொறுப்பானாள். நான் பத்திரம் அச்சடிக்கும் மேசைக்குப் போனேன். எல்லாச் சோதனையும் முடிந்த பைல் என்னிடம் வரும். பெயர், படம், விலாசம் சரிபார்த்து அச்சடித்து டங்கனின் கையெழுத்துக்கு அனுப்புவேன். வத்சலா தன் பைல்களில் பச்சைப் பேனையால் பெயருக்குக் கீழே கோடு போடுவாள். நேராகத் தேடியதற்கு ஒரு கோடு, மாற்றித் தேடியதற்கு இன்னொரு கோடு. இரண்டு பச்சைக் கோட்டைக் காணும்போதெல்லாம் எனக்கு யாரோ கிள்ளுவது போலிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஒரு பைல் வந்தது. எங்கள் ஆள். குடும்பப் பெயர் தர்மலிங்கம், முன்பெயர் ரஞ்சன். லண்டனுக்கு வெளியே கென்ற் பக்கம் சிறு காணி வாங்கியிருக்கிறார், முயல் தொல்லை என்று எழுதியிருந்தார். டங்கனைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் நானும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். வீட்டுக்குப் போன அதிகாரியின் அறிக்கை. இரும்புப் பெட்டி படுக்கையறையில், சரியாகப் பூட்டியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி: 'மனைவி தேநீர் கொடுத்தார். மனைவியிடம் கேட்ட கேள்விகளுக்குக் கணவர் பதில் சொன்னார்.'

முன்பக்கத்துக்கு வந்தேன். பெயருக்குக் கீழே ஒரே ஒரு பச்சைக் கோடு.

என் மேசைக் கொம்பியூட்டரில் பெயரை மாற்றிப் போட்டுத் தேடினேன். நேரம் நாலு பத்து. வந்தது. பதினொரு வருடத்துக்கு முன், வட லண்டன் எட்மண்டனில் ஒரு விலாசம். அயலவர்கள் பொலிசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மனைவியின் கை முறிந்திருந்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்கள் விண்ணப்பத்தில் 'முன்பு தண்டனை பெற்றதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அழகாக எழுதியிருந்தார்.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, இரக்கம் அல்ல. சந்தோஷம். வத்சலா வத்சலா செக்கைச் செய்ய மறந்துவிட்டாள்!

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து, பத்திரம் கொடுத்து முடிந்த பைல்களைப் பார்ப்பார்கள். தமிழ்ப் பெயரென்றால் கட்டாயம் எடுப்பார்கள். ஒற்றைக் கோட்டைக் காண்பார்கள். அன்றைக்கு அவளுடைய கதை முடியும். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவளுடைய பகுதி, அவளுடைய பிழை என்று எனக்கு நானே சொன்னேன். பத்திரத்தை அச்சடித்தேன். கையெழுத்துக்குப் போகும் அடுக்கில் வைத்தேன். டங்கன் வெள்ளிக்கிழமை லீவு. திங்களில் கையெழுத்து, செவ்வாயில் தபால். மேசையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை வத்சலா ஒரு பெட்டியோடு வந்தாள். நெற்றியில் மெல்லிய திருநீறு.

"அக்கா, மோதகம். நேற்றுச் சதுர்த்தி. உங்களுக்கெண்டு ஏலக்காய் கூடப் போட்டனான்."

"களைச்சுப் போனீர் போல," என்றேன்.

"ஓம் அக்கா. அம்மா ஆஸ்பத்திரியில. மூளை ஒரு இடத்தில இல்லை."

மோதகத்தைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பெட்டியைக் கழுவிக் கொடுத்தேன்.

ஞாயிறு பூசைக்குப் போனோம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. முன்வாங்கிலில் இருந்த பெண் திரும்பிக் கையை நீட்டி, "சமாதானம் அக்கா," என்றாள். யாரென்று தெரியாத பெண். கை சில்லென்று இருந்தது. தேநீர் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்ற அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாதே, அது எந்த முகமாகவும் இருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக அந்த பைலில் நான் கண்டது வத்சலாவை மட்டும். பெட்டி படுக்கையறையில் இருக்கிறது என்று வாசித்தும் அந்த அறையில் படுப்பவளை நான் காணவில்லை. நற்கருணை வாங்க எல்லோரும் எழும்பினார்கள். நான் எழும்பவில்லை.

கோயிலுக்கு வெளியே வந்ததும் என் கணவர் கேட்டார். "ஏன் நன்மை எடுக்கேல்லை? முப்பது வருசத்தில இண்டைக்குத்தான் பாக்கிறன்."

பஸ் தரிப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் விபரம் சொல்லவில்லை, விசயத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஒன்று மட்டும் கேட்டார்.

"புதன்கிழமை தபால் வரேக்க, வீட்டில நிண்டு அந்தக் கடிதத்தைக் கையில எடுக்கப் போறது ஆர்? அந்த மனிசிதானே?"

நான் அழுதேன்.

"அழுது என்ன செய்யிறது? நாளைக்கு வெள்ளணப் போய்ச் சொல்லும்."

திங்கள் காலை ஏழரைக்கே போய்விட்டேன். வத்சலா குளிர்ச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வத்சலா, ஒரு பைல். ரஞ்சன் எண்டு. ஒரு கோடுதான் கிடக்கு."

"அந்தாளோ? அக்கா, அவர் எனக்குப் போன் பண்ணினவர். 'தங்கச்சி, எங்கட பேர்க் குழப்பம் உமக்குத் தெரியும்தானே, நான் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரித்தான் எழுதுறனான்' எண்டார். எங்கட ஊருக்குப் பக்கத்து ஊர். அம்மாவைப் பற்றிக்கூட விசாரிச்சார். பிறகு தேடுவம் எண்டு வைச்சிட்டு... ஐயோ, விட்டிட்டன்."

வேறு நாட்டவர் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். எங்கள் ஆள், எங்கள் பாஷை, தங்கச்சி என்ற சொல். எங்களைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தில் விழமாட்டார்கள். நானாக இருந்தாலும் விழுந்திருப்பேன்.

கதிரையில் இருந்து பெயரை மாற்றிப் போட்டாள். விபரம் வந்தது. எங்கள் கொம்பியூட்டரில் ஒரு பெயரைத் தேடினால், அதற்கு முன் அதைத் தேடியவர் யார், எந்த நாள், எந்த நேரம் என்பது கீழே ஒரு வரியில் காட்டும். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் தெரிந்தது. வியாழன். நாலு பத்து. என் பெயர்.

வத்சலா அந்த வரியைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையை மூடினாள். "வாங்கோ அக்கா, அவர் கையெழுத்துப் போட முந்திப் போவம்," என்றாள்.

டங்கன் பேனையைக் கையில் எடுத்திருந்தார். அடுக்கில் நாலாவதாக இருந்த பத்திரத்தை வத்சலா இழுத்தெடுத்தாள். நின்றபடியே சொன்னாள். பிழை தன்னுடையது, ஆளை நம்பி இரண்டாவது தேடுதலை விட்டுவிட்டேன் என்று. அவர் பைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தார். யன்னலால் காற்று வந்துகொண்டிருந்தது.

"இதை யார், எப்போது கண்டது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்க முன் வத்சலா சொன்னாள். "மிஸிஸ் அன்ரன். இன்று காலை."

டங்கன் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் எழுந்து என்னோடு நடந்து வந்தார். என் மேசையடியில் நின்றார். விரல் மொளியால் இரண்டு தரம் தட்டினார்.

பதினான்கு வருடம் நான் காத்திருந்த தட்டல். அது என் நெஞ்சாங்கூட்டில் விழுந்தது போலிருந்தது. எதிர்ப்பக்கத்தில் வத்சலா தலையைக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அந்தப் பிழைக்காக அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு வருடம் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். நான் விரும்பியது அத்தனையும் எனக்குக் கிடைத்தது.

ரஞ்சனின் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டது. தாமதம் என்று கடிதம் போனது. கிழமைக்கு இரண்டு தரம் போன் பண்ணிச் சத்தம் போட்டார். அதிகாரி மறுபடி போனார். இந்த முறை தமிழ் பேசும் ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு, கணவர் வேலையில் இருக்கும் நேரத்தில், மனைவியைத் தனியாகச் சந்திக்க. அந்த அறிக்கையும் பைலோடு என்னிடம் வந்தது. மனைவி சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். துவக்குப் பத்திரம் வரக்கூடாதென்று அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தாராம். ஒவ்வொரு நாளும் தபாற்காரர் கதவைத் தாண்டிப் போன பிறகுதான் மூச்சு விடுவாராம். ஐந்து மாதமாக அப்படித்தான் இருந்தாராம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தப் பெண் பிறகு தன் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டதாக அறிந்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ரம்யா, நீ கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். அழுத மனிதருக்காக வைத்தியருக்கு இன்னொரு கடிதம் எழுது, அவர் பாவம். ஆனால் அந்த அடுக்கில் எங்கோ ஒரு வீட்டில் தாமதத்துக்காக நேர்த்தி வைத்தவளும் இருப்பாள். எந்தப் பைல் யாருடையதென்று முன்பக்கத்தில் எழுதியிருக்காது.

மிச்சம் என்னுடைய கணக்கு. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது சுவாமி மன்னிப்பும் கொடுத்து, ஒரு வேலையும் கொடுத்தார். "அந்தப் பிள்ளையிடம் போய் வாயால் சொல்லுங்கள்," என்றார். சொல்கிறேன் என்றேன். அன்றைக்குச் சரியில்லை, நாளைக்கு, அவளுடைய தாய் செத்த வீடு, பிறகு என் பிரியாவிடை என்று தள்ளித் தள்ளிப் பதினொரு வருடம். அந்த அலுவலகத்தில் எந்தப் பைலும் அவ்வளவு காலம் கிடந்ததில்லை.

ரம்யா கேட்ட அந்த ஞாயிறு பின்னேரம் சட்டனுக்குப் போன் எடுத்தேன்.

"வத்சலா, வியாழக்கிழமை நாலு பத்துக்கே நான் கண்டனான். உம்மை விழுத்த வேணுமெண்டுதான் சொல்லாமல் இருந்தனான்."

அவள் சிரித்தாள். "தெரியும்தானே அக்கா. இதைச் சொல்லவோ எடுத்தனீங்கள்? நான் ஆரோ செத்துப்போச்சினம் எண்டு பயந்திட்டன்."

"ஏன் அண்டைக்கு எனக்காகப் பொய் சொன்னீர்?"

"நீங்கள் திங்கக்கிழமை வந்து சொன்னீங்கள்தானே. வராமல் விட்டிருந்தா நான் என்ன செய்திருப்பன்? அது போதுமெண்டு பட்டுது. பிறகு நான் அதை மறந்திட்டன்."

"இதை எழுதப் போறன்."

"எழுதுங்கோ. எனக்கு வடிவான பேராப் பாத்து வையுங்கோ. பழைய காலத்துப் பேர் வைச்சால் சண்டைக்கு வருவன்."

எழுதிவிட்டேன். இரண்டு தரம் தேட வேண்டும் என்று கண்டது நான். வியாழன் நாலு பத்திலிருந்து திங்கள் ஏழரை வரை இருந்ததும் நான். இரண்டையும் என் பெயரிலேயே போட்டுக்கொள்கிறேன். செக்கின் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம், ரம்யா. அது அவளுடைய பெயரிலேயே இருக்கட்டும்.

அவளால் அதை மறக்க முடிந்திருக்கிறது. மறந்தேன் என்று அவள் சொன்ன அந்த லேசான குரலைக் கேட்டபோது, இந்த வயதிலும், ஆண்டவரே, எனக்குப் பொறாமை வந்தது. இப்போது ஞாயிறுதோறும் மன்றாட்டு நேரத்தில் அந்தப் பெயர் தெரிந்தும் சொல்லக்கூடாத பெண்ணுக்காக ஒன்று, வத்சலாவுக்காக ஒன்று சொல்கிறேன். முதலாவது நெஞ்சிலிருந்து வருகிறது. இரண்டாவதை இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனாலும் ஒரு கிழமையும் விட்டதில்லை.